பொண்ணு சம்பாதிச்ச சொத்து அம்மாவுக்குப் போகுமா?

போன எபிசோடுல டேர்ம் இன்சூரன்ஸ் பத்திப் பேசினோம். அதுக்கப்புறம் நிறைய பேர் கேட்ட கேள்வி இது: "எனக்கு 30 வயசுகூட ஆகலை, நான் எதுக்கு உயில் எழுதணும்?"

நான் குடும்பச் சொத்து வழக்குகள் பார்க்கிற வக்கீல். உயில்னு பேச்செடுத்தாலே வீட்டுல "வாயைக் கழுவு"ன்னு சொல்லுவாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா உயில் எழுதாதவங்களுக்கும் ஒரு உயில் இருக்கு. உங்க சொத்து யாருக்கு, எந்த வரிசையில போகணும்னு சட்டமே எழுதி வெச்சிருக்கு. இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களுக்கு அது 1956-ல வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம்.

இப்போ ஒரு அம்மாவை நினைச்சுக்கோங்க. ஒரு பையன், ஒரு பொண்ணு. ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆயிடுச்சு. ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, ஆளுக்கு ஒரு ஃபிளாட் வாங்கியிருக்காங்க.

பையன் உயில் எழுதாம இறந்துட்டா, அவரோட மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லாரும் முதல் வகுப்பு வாரிசுகள். அம்மாவுக்கும் சமமா ஒரு பங்கு உண்டு. அப்பா இந்த லிஸ்ட்ல இல்லை, அவர் இரண்டாம் வகுப்பு.

பொண்ணு உயில் எழுதாம இறந்துட்டா கதையே வேற. 15-வது பிரிவு சொல்ற வரிசையில முதல்ல வர்றது பிள்ளைகளும் கணவரும். அவங்க யாரும் இல்லைன்னா ரெண்டாவதா வர்றது கணவரோட வாரிசுகள். பெத்த அம்மா, அப்பா மூணாவதுதான். அதாவது குழந்தை இல்லாத, கணவரை இழந்த ஒரு பொண்ணோட சொத்துக்கு அவங்க அம்மாவை விட மாமியாருக்கு உரிமை அதிகம். மாமியார் இல்லைன்னாலும், நாத்தனார் பசங்க வரைக்கும் அந்தப் பக்கம் ஆள் இருந்தா அவங்களுக்கு அப்புறம்தான் அம்மா.

மிகைப்படுத்துறேன்னு நினைக்காதீங்க. ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண்னு ஒரு வழக்கு, 2009-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்த அம்மாவுக்குக் கல்யாணம் ஆகி மூணே மாசத்துல கணவர் பாம்பு கடிச்சு இறந்துட்டார். புகுந்த வீட்டுல இருந்து விரட்டிட்டாங்க. பிறந்த வீட்டுக்கு வந்து, படிச்சு, வேலைக்குப் போய், 40 வருஷத்துக்கும் மேல தனியா வாழ்ந்தாங்க. 1996-ல இறந்தப்போ பேங்க்ல பணம் இருந்தது, பி.எஃப். இருந்தது. உயில் இல்லை. அவங்க அம்மா அந்தப் பணத்தைக் கேட்டு கோர்ட்டுக்குப் போனாங்க. கணவரோட அக்கா தங்கச்சி வழிப் பசங்களும் வந்தாங்க. கடைசியில ஜெயிச்சது அந்தப் பசங்கதான். அனுதாபத்துக்காகச் சட்டத்தை மாத்த முடியாதுன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு.

ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, ரெண்டு சாட்சி வாங்கியிருந்தா அந்தப் பணம் அம்மாவுக்குப் போயிருக்கும்.

இந்தப் பிரிவை எதிர்த்து வழக்குகள் போயிருக்கு. 2025 நவம்பர்ல ஒரு வழக்குல உச்ச நீதிமன்றமே பெண்களுக்கு, முக்கியமா இந்துப் பெண்களுக்கு, உயில் எழுதி வெச்சுக்கோங்கன்னு வேண்டுகோள் விடுத்தது. பிரிவு மாறுற வரைக்கும் நம்ம கையில இருக்கிற வழி இதுதான்.

"எங்க அப்பா கொடுத்த சொத்து எங்க வீட்டுக்கே திரும்பிடும்ல?"ன்னு கேப்பீங்க. அப்பா அம்மா கிட்ட இருந்து வாரிசா வந்த சொத்துன்னா, பிள்ளைகள் இல்லாத பட்சத்துல அப்பாவோட வாரிசுகளுக்குத் திரும்பும். ஆனா அப்பா உயிரோட இருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்த வீடு 'வாரிசா வந்தது' கணக்குல வராது. அப்பாவோட ரிடையர்மெண்ட் பணத்தை டவுன் பேமெண்டாப் போட்டு உங்க பேர்ல வாங்கின ஃபிளாட்டும் அப்படித்தான்.

இன்னொண்ணு. டைவர்ஸ் கேஸ் கோர்ட்ல நடந்துக்கிட்டே இருக்கு, பிரிஞ்சு நாலு வருஷம் ஆச்சுன்னு வெச்சுக்கோங்க. தீர்ப்பு வர்ற வரைக்கும் சட்டத்துக்கு அவர் கணவர்தான், முதல் வரிசை வாரிசுதான்.

"நாமினியா அம்மா பேரைப் போட்டுட்டேன், போதாதா?" போதாது. பேங்க்ல நாமினிங்கிறவர் பணத்தை வாங்கிக்கிற ஆள், அவ்வளவுதான். வாரிசுகள் கேட்டா கொடுத்தாகணும். ஷேருக்கும் அதேதான்னு 2023 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. இன்சூரன்ஸ் மட்டும் கொஞ்சம் வேற: 2015 திருத்தத்துக்கு அப்புறம், நீங்க உங்க பாலிசிக்குப் பெற்றோர், கணவர் அல்லது மனைவி, பிள்ளைகளை நாமினியாப் போட்டா, அந்தப் பணம் அவங்களுக்கே சொந்தம்.

சரி, எப்படி எழுதறது? வெள்ளைப் பேப்பர் போதும், ஸ்டாம்ப் பேப்பர் வேணாம். தமிழ்லயே எழுதலாம். நீங்க கையெழுத்துப் போடணும். ரெண்டு சாட்சிகள் அதைப் பார்த்துட்டு உங்க முன்னாடி கையெழுத்துப் போடணும். சாட்சியா 70 வயசு மாமாவைப் பிடிக்காதீங்க. நாளைக்கு உயிலை நிரூபிக்க ஒரு சாட்சியாவது கோர்ட்டுக்கு வரணும், அதனால உங்க வயசு ஆளா பாருங்க. சொத்து வாங்கப் போறவரையே சாட்சியாப் போடாதீங்க, சந்தேகத்துக்கு இடம் கொடுத்த மாதிரி ஆயிடும். சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்றது கட்டாயமில்லை, ஆனா பண்ணிட்டா நல்லது. மனசு மாறினா எத்தனை தடவை வேணாலும் புதுசா எழுதலாம், கடைசியா எழுதினதுதான் செல்லும்.

இணையத்துல கிடைக்கிற மாதிரி உயிலை அப்படியே காப்பி அடிக்காதீங்க. உங்க வீட்டு நிலவரம் அதுல இருக்காது. சின்னக் குழந்தை இருந்தா அதை யார் பார்த்துக்கணும்? ஃபிளாட் லோனை யார் கட்டணும்? எல்லாத்தையும் முன்ன நின்னு நடத்தப் போறவர் யார்? இந்த மூணு கேள்வியையும் கேட்காத வக்கீல்கிட்ட உயில் எழுதாதீங்க. மதமும் முக்கியம். முஸ்லிம்கள் மத்த வாரிசுகளோட சம்மதம் இல்லாம மூணுல ஒரு பங்குக்கு மேல உயில் எழுத முடியாது. கிறிஸ்தவர்களுக்குக் கல்யாணம் ஆனதும் பழைய உயில் ரத்தாயிடும்.

அப்புறம் புரோபேட். அதாவது இந்த உயில் உண்மையானதுதான்னு கோர்ட் கொடுக்கிற சான்று. சென்னையில இருக்கிற சொத்துக்கு இந்துக்களோட உயில்னா அது கட்டாயமா இருந்தது. 2025 டிசம்பர்ல நாடாளுமன்றம் அந்த 213-வது பிரிவை நீக்கிடுச்சு. கட்டாயம்தான் போச்சு, சண்டை போகலை. யாராவது 'இது போலி'ன்னு சொன்னா கோர்ட்டுக்குப் போய் நிரூபிச்சுத்தான் ஆகணும். அதனாலதான் சாட்சி விஷயத்துல இவ்வளவு சொல்றேன்.

இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. ஒரு பேப்பர்ல உங்க பேர்ல என்னென்ன இருக்குன்னு எழுதுங்க. பி.எஃப்., டிமேட், நகை, லாக்கர், எல்லாம். பக்கத்துல அது யாருக்குப் போகணும்னு எழுதுங்க. அதுக்குப் பக்கத்துல, இன்னைக்குச் சட்டப்படி யாருக்குப் போகும்னு எழுதுங்க. ரெண்டு பேரும் வேறயா இருந்தா நீங்க உயில் எழுதணும். கல்யாணம் ஆன அக்கா தங்கச்சி இருந்தா அவங்களுக்கும் இந்த எபிசோடை அனுப்புங்க.

அடுத்த வாரம் கூட்டுப் பட்டா பிரிக்கிறது பத்திப் பேசலாம்.