குஞ்சுகள் கூண்டுக்குப் போகும் நாள்

தாய்க்கோழி இருந்தால் நமக்கு வேலையே இல்லை. குளிர்ந்தால் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். கடையில் வாங்கிய குஞ்சுகளுக்கு, அட்டைப்பெட்டிக்கு மேல் தொங்கும் குண்டு பல்புதான் அந்த இறக்கை. முதல் வாரம் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு 3 டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வரலாம்.

வெளியே விடுவது எப்போது? நாள்காட்டியைவிட இறகைப் பாருங்கள். பிறந்தபோது இருக்கும் மென்மயிர் குளிரையும் மழையையும் தாங்காது. உடம்பை இறகு மூட 5, 6 வாரம் ஆகும். வீட்டுக்குள் நாற்றம் தாங்காமல் மூன்றாவது வாரமே தூக்கி வெளியே வைத்துவிடுகிறவர்கள் உண்டு. பாவம், குஞ்சுகள்! வேண்டுமானால் இளவெயிலில் கொஞ்ச நேரம் முற்றத்தில் பஞ்சாரத்தைக் கவிழ்த்துப் பழக்குங்கள்.

கூண்டுக்குக் காலையில் மாற்றுங்கள். இருட்டுவதற்குள் இடம் பிடிபடும். முதல் சில நாள் கதவைத் திறக்காதீர்கள். அப்போதுதான் பிறகு மேயவிட்டாலும் அந்தியில் தானாகத் திரும்பும். ஏற்கெனவே பெரிய கோழிகள் இருந்தால் நடுவே வலை கட்டுங்கள், புதுசுகளைக் கொத்தாமல் விடாது. கூண்டு வலையின் கண்ணியும் பொடிசாக இருக்கட்டும். கீரிக்கும் பாம்புக்கும் சின்ன இடுக்கே போதும்.