கணக்கும் பெயர்களும்



எங்கள் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளும் இலங்கையின் வன்னிப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடிய நம் சங்க மேடையில், 2009இல் வன்னிப் போர் முடிந்த முள்ளிவாய்க்காலைப் பற்றிப் பேச நிற்கிறேன்.

அந்தப் போரின் இறுதிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் எத்தனை பேர்? 2009 மே 13 வரை 7,721 என்றது கொழும்பிலிருந்த ஐ.நா. அலுவலகத்தின் கணக்கு. 2011இல் ஐ.நா. நிபுணர் குழு, 40,000 வரை இருக்கலாம் என்றது. அதே ஆண்டு ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப், 1,46,679 பேர் எங்கே என்று இலங்கை அரசின் ஆணைக்குழுவிடம் கேட்டார்.

இதில் எது உண்மை என்று கேட்கிறார்கள். மூன்றும் ஒரே கேள்விக்கான விடை அல்ல. முதலாவது, குண்டு விழும்போதே விசாரித்து எழுத முடிந்த சாவுகள் மட்டும். இரண்டாவது, பின்னர் செய்த மதிப்பீடு. ஆயர் செய்தது கழித்தல். 2008 அக்டோபரில் கச்சேரி, அதாவது அரசின் மாவட்டச் செயலகக் கணக்குப்படி வன்னியில் 4,29,059 பேர். வெளியே வந்தவர்கள் 2,82,380 பேர். மீதிப் பேர் எங்கே என்றார். அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று சொல்லவில்லை. மேடைகளில் பலர் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். அது ஆயருக்கும் நியாயம் இல்லை, மாண்டவர்களுக்கும் நியாயம் இல்லை.

குறைத்துச் சொன்ன கணக்கோ அப்போதே உயிர் குடித்தது. 2009 தொடக்கத்தில் போர்ப் பகுதியில் சிக்கியிருப்போர் சுமார் 70,000 பேர்தான் என்றது அரசு. உணவும் மருந்தும் அந்த அளவுக்கே போயின. மயக்க மருந்தும் ரத்தப் பைகளும் போதாமல் மருத்துவர்கள் கை கால்களை அகற்றினார்கள். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தெருவுக்குத் தெரு தறியில் பேண்டேஜ் துணி ஓடும். அந்த மண்ணிலிருந்து வந்தவனுக்கு இதைப் படிக்க நெஞ்சு பொறுக்கவில்லை.

கணக்கைச் சரியாக எடுக்க வழி உண்டு. போஸ்னியப் போரில் இறந்தவர்கள் 2 லட்சம் என்று பேசப்பட்டது, பெயர் பெயராகத் திரட்டியபோது சுமார் 1 லட்சம் ஆனது. அந்தப் பட்டியலை யாராலும் எளிதில் தள்ள முடியவில்லை.

நமக்கும் அப்படியொரு பெயர்ப் பட்டியல் வேண்டும். குடும்பத்தோடு அழிந்தவர்களுக்குச் சாட்சி சொல்ல வீட்டில் ஆளில்லை. அயலாரும் கூடப் படித்தவர்களும்தான் சொல்ல வேண்டும். அவர்களில் எத்தனையோ பேர் இன்று புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கிறீர்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், கடைசியாகக் கண்ட இடம், நாள் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒருவரை இருமுறை எண்ணாமலிருக்கத் தகப்பன் பெயர் அவசியம். தப்பி வரும்போது விடுதலைப் புலிகள் சுட்டு வீழ்ந்தவர்களையும், கட்டாயமாகப் பிடித்துப்போய்க் களத்தில் மாண்ட பிள்ளைகளையும் விடாதீர்கள். எப்படி இறந்தார் என்று உள்ளபடி எழுதுங்கள்.

சொல்பவரின் பெயரைச் சங்கம் வெளியிடக் கூடாது. பலருக்கு உறவுகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த உறுதியை நிர்வாகக் குழு இன்றே தீர்மானமாக எழுதித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.