மினுக்கும் இசையும்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குச் சில சொற்கள் ஓயாத தொல்லை தருவன. 'கிளாம் மெட்டல்' என்பது அவற்றுள் ஒன்று. 'மெட்டல்' என்றால் உலோகம். மின்கித்தாரின் கனத்த ஓசையை முதன்மையாகக் கொண்ட இசைக்கு மேல்நாட்டார் வழங்கிய பெயர் அது. 'கிளாம்' என்பது 'கிளாமர்' என்ற சொல்லின் குறுக்கம். அதைக் 'கவர்ச்சி' என்று எழுதினால் தமிழில் வேறு பொருள் முந்திக்கொள்ளும். 'பகட்டு' என்றால் பழிப்பாகிவிடும். 'மினுக்கு' என்பது ஓரளவு பொருந்தும். இச்சொல்லின் பிறப்பை ஆராய்ந்தால் வியப்பான செய்தி ஒன்று கிடைக்கிறது. இலக்கணத்தைக் குறிக்கும் 'கிராமர்' என்ற சொல்லே ஸ்காட்லாந்து மக்களின் வாயில் 'கிளாமர்' என்று திரிந்தது. எழுத்தறியாத பாமரருக்கு நூலறிவு மந்திர வித்தையாகத் தோன்றியமையால், அச்சொல் மாயம், கண்கட்டு என்னும் பொருளைப் பெற்றது. ஆக, மாயத்தின் வேர் இலக்கணம்! நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட இசைக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமைந்திருக்க முடியாது என்பது நம் கருத்து.

அந்த இசைக் குழுவினரின் தோற்றம் நேயர்களுள் பலரும் அறிந்ததே. விரித்துச் சீவி வானளாவ நிறுத்திய தலைமயிர், கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம், சிறுத்தைத் தோல் போல் புள்ளியிட்ட இறுக்கமான கால்சட்டை. இவற்றைக் கண்ட விமரிசகர்கள், 'இது வெறும் வேஷம். இதில் சங்கீதம் இல்லை' என்று தீர்ப்புக் கூறிவிட்டார்கள். பல்லாண்டுகளாக இதனைக் கேட்டு மகிழ்ந்து வரும் நாம் அத்தீர்ப்பை ஏற்பதில்லை. வேஷம் போட்டவன் பொய்யன் என்றால், உலகத்து நாடகக் கலை முழுவதும் பொய்யாகிவிடும் அல்லவா? ஆனால் ரசிகனுக்கும் ஒரு கடமை உண்டு. தான் விரும்பும் கலையின் குறைகளை மற்றவர் சொல்வதற்கு முன் தானே சொல்ல வேண்டும். இரண்டையும் இங்கே செய்ய முயல்வோம்.

இந்த இசைக்கு முன்னோர் இருவகையினர். 1970-ம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் டி. ரெக்ஸ், ஸ்லேட், ஸ்வீட் முதலிய குழுக்கள் மினுங்கும் உடையணிந்து, எளிய மெட்டுக்களைக் கைதட்டிப் பாடும்படி அமைத்தன. அமெரிக்காவில் ஆலிஸ் கூப்பர், கிஸ், நியூயார்க் டால்ஸ் ஆகியோர் முகத்துக்கு வண்ணம் பூசி மேடையை நாடகமாக்கினர். இவ்விரு ஓடைகளும் வந்து கலந்த இடம் கலிபோர்னியா மாகாணத்து லாஸ் ஏஞ்செல்ஸ் நகரம். அங்கே சன்செட் பூல்வார்டு என்னும் நெடுஞ்சாலையின் ஒரு பகுதியில் விஸ்கி அ கோ கோ, ராக்ஸி, கஸாரீஸ் என்ற விடுதிகள் அடுத்தடுத்து இருந்தன. இளைஞர்கள் இரவில் அங்கே வாசித்தனர். பகலில் தம் நிகழ்ச்சிக்கான துண்டுப் பிரசுரங்களைத் தாமே விநியோகித்தனர். பிற்காலத்தில், வாசிப்பவர்களே நுழைவுச் சீட்டுக்களை முன்பணம் கொடுத்து வாங்கி விற்றுக்கொள்ள வேண்டும் என்ற கொடிய வழக்கமும் அங்கே வேரூன்றியது.

அந்த வீதியில் முதலில் பேர் பெற்றவர்கள் வான் ஹேலன் குழுவினர். அவர்களை மினுக்கு இசையில் சேர்ப்பதா என்பது விவாதத்துக்குரியது. ஆயினும், பின்வந்தவர்களுக்கெல்லாம் இலக்கணம் வகுத்தவர் அக்குழுவின் எட்டி வான் ஹேலன் என்பதில் ஐயமில்லை. நெதர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் குடியேறியவர் அவர். தந்தை கிளாரினெட் வித்வான். மகன் சிறுவயதில் பியானோ பயின்றவர். 1978-ல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் 1 நிமிடம் 42 விநாடி அளவே கொண்ட தனி ஆவர்த்தனம் ஒன்று உண்டு. வலக்கை விரல்களாலும் கித்தாரின் கழுத்துப் பகுதித் தந்திகளைத் தட்டி அவர் எழுப்பிய நாதம், பியானோக்காரனின் இரு கைகளும் கித்தாரில் ஏறிவிட்டனவோ என்று கேட்போரை மயங்க வைத்தது. கடைகளில் கிடைத்த வாத்தியம் மனத்துக்குப் பிடிக்காமல், வெவ்வேறு உறுப்புக்களைச் சேர்த்துத் தமக்கென ஒரு கித்தாரை அவரே செய்துகொண்டார். 2020-ல் அவர் காலமானபோது உலகெங்கும் இசைவாணர்கள் வருந்தினார்கள். 'இதில் சங்கீதம் இல்லை' என்பவர்களுக்கு நாம் தரும் முதல் விடை இதுவே.

1981-ல் எம்.டி.வி. என்ற தொலைக்காட்சி நிலையம் பாடல்களுக்குப் படம் காட்டத் தொடங்கியது. பார்க்கத்தக்க இசைக்கு அதனால் யோகம் பிறந்தது. 1983-ல் குவயட் ரயட் குழுவின் 'மெட்டல் ஹெல்த்' அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் எய்தியது. ஹெவி மெட்டல் இசைத்தட்டு ஒன்று அவ்விடத்தை அடைந்தது அதுவே முதன்முறை. அவர்களுக்குப் புகழ் தந்த பாடல், இங்கிலாந்தின் ஸ்லேட் குழு பத்தாண்டுகளுக்கு முன் பாடியது என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் மாட்லி குரூ, ராட், டாக்கன், ஸின்டரெல்லா, பாய்ஸன் என வரிசையாக வந்தனர். நியூ ஜெர்சியிலிருந்து பான் ஜோவியும், ஸ்வீடனிலிருந்து யூரோப் குழுவும் 1986-ல் உலகப் புகழ் பெற்றனர். மாட்லி குரூவினர் தம் பெயரில் இரண்டு உயிரெழுத்துக்களின் மேல் ஜெர்மானியர் போல் இரட்டைப் புள்ளிகள் வைத்துக்கொண்டார்கள். ஜெர்மன் மொழியில் அப்புள்ளிகள் ஒலியை மாற்றும். இங்கே அவை அழகுக்காக மட்டுமே. எழுத்துக்கும் ஒப்பனை செய்தவர்கள் அவர்கள்!

இந்த இசையின் பொருளைப் பற்றிய வழக்கு ஒன்று அமெரிக்க நாட்டு செனட் சபைக் குழுவின் முன்பே நடந்தது. வாஷிங்டன் அரசியல்வாதிகளின் மனைவியர் சிலர் கூடி, இப்பாடல்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று புகார் கூறினர். 1985 செப்டம்பர் 19-ம் நாள் ட்விஸ்டட் ஸிஸ்டர் குழுவின் பாடகர் டீ ஸ்நைடர் சாட்சியம் அளிக்க வந்தார். தலைமயிரை விரித்துப் போட்டுக்கொண்டு, கையில்லாத மேற்சட்டையுடன் வந்த அவரைக் கண்டவர்கள், கோமாளி ஒருவர் பேசப்போகிறார் என்றே எண்ணியிருப்பார்கள். அவரோ தெளிவான வாதங்களை எடுத்து வைத்தார். தம் பாடல் ஒன்று வன்முறையைப் போற்றுகிறது என்ற குற்றச்சாட்டுக்கு, அது தோழர் ஒருவரின் தொண்டை அறுவைச் சிகிச்சை பற்றிய அச்சத்தில் பிறந்த பாட்டு என்று விடை கூறினார். சொல்லின் பொருளை அது நிற்கும் இடத்தை நோக்கியே கொள்ள வேண்டும் என்னும் நெறி மொழிபெயர்ப்பாளர் அனைவருக்கும் பாடம். அவ்வாதத்துக்குப் பின்னும் இசைத்தட்டுக்களில் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டும் வழக்கம் வந்தது என்பது வேறு கதை.

இனிக் குறைகளைச் சொல்ல வேண்டும். பெண்களின் ஒப்பனையைத் தாம் ஏற்ற இந்த ஆடவர்கள், தம் பாடல்களிலும் படங்களிலும் பெண்களை அலங்காரப் பொருளாகவே நிறுத்தினார்கள். விக்ஸன் என்ற பெண்கள் குழுவும், லீட்டா ஃபோர்டு என்ற கித்தார் கலைஞரும் திறமையில் எவர்க்கும் குறைந்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்களுக்குக் கிட்டிய இடம் சிறிது. இதை நாம் மறைக்க விரும்பவில்லை.

இதனினும் கொடிய குறை குடியும் போதையும். 1984 டிசம்பர் 8-ம் நாள், மாட்லி குரூவின் பாடகர் வின்ஸ் நீல் குடித்துவிட்டுக் கார் ஓட்டினார். உடன் சென்ற இளைஞர், ராஸில் என்று அழைக்கப்பட்டவர், விபத்தில் மாண்டார். அவர் பின்லாந்து நாட்டு ஹனோய் ராக்ஸ் குழுவின் முரசு வாசிப்பவர். எதிரே வந்த வண்டியில் இருந்த இருவர் கொடுங்காயமுற்றனர். நீலுக்கு விதிக்கப்பட்ட சிறைத் தண்டனை 30 நாள். லாஸ் ஏஞ்செல்ஸ் குழுக்கள் பலவற்றுக்கு முன்மாதிரியாக இருந்த ஹனோய் ராக்ஸ் மறு ஆண்டே கலைந்துபோயிற்று. மாட்லி குரூவோ மேலும் மேலும் புகழ் பெற்றது. பாட்டு நன்றாயிருக்கிறது என்பதற்காக இந்தக் கணக்கை ரசிகன் அழித்துவிடக் கூடாது.

அதே ஆண்டின் இறுதி நாளில் இங்கிலாந்தில் மற்றொரு கார் விபத்து நேர்ந்தது. ஷெஃபீல்டு நகரத்து டெஃப் லெப்பர்டு குழுவின் முரசு வாசிப்பவர் ரிக் ஆலன் அதில் இடக்கையை இழந்தார். அப்போது அவருக்கு வயது 21. முரசு வாசிப்பவனுக்குக் கை போனால் வாழ்வே போயிற்று என்றுதான் எவரும் சொல்வர். தோழர்கள் அவருக்குப் பதிலாக வேறொருவரை அமர்த்தவில்லை, காத்திருந்தார்கள். இடக்கை செய்த வேலையை இடக்காலால் செய்யுமாறு மிதிகட்டைகள் பொருத்திய மின்முரசு ஒன்று அவருக்கென அமைக்கப்பட்டது. 1986 ஆகஸ்டில் டானிங்டன் திடலில் பெருங்கூட்டத்தின் முன் அவர் வாசித்தார். 1987-ல் வெளிவந்த அவர்களுடைய 'ஹிஸ்டீரியா' அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. அந்த இசைத்தட்டு உருவாக மூன்றாண்டுகள் சென்றன. குரல்களை அடுக்கடுக்காகப் பதித்து, கித்தார் ஒலிகளைத் துண்டு துண்டாகச் செதுக்கிக் கோத்த வேலைப்பாடு அது. மினுக்கின் அடியில் எத்தனை உழைப்பும் நட்பும் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

1989 ஆகஸ்டில் பான் ஜோவி, மாட்லி குரூ, ஸ்கிட் ரோ, ஸின்டரெல்லா முதலியோர் மாஸ்கோ நகரின் பெரிய விளையாட்டரங்கில் இருநாள் பாடினர். அதுவே உச்சம். பிறகு சரிவு விரைந்து வந்தது. 1991 செப்டம்பரில் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்டு' வெளியாகி, 1992 ஜனவரியில் முதலிடம் பெற்றது. கசங்கிய சட்டையணிந்த அந்த இளைஞர்களே மினுக்கு இசையைக் கொன்றார்கள் என்பது பொது வழக்கு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஒன்று விலைபோனால் அதுபோலவே பத்துச் செய்து தள்ளும் கம்பெனிகளின் பேராசையே முதற்காரணம். இசைத்தட்டுக்கு ஒரு சோகப் பாட்டு, அதற்கு ஒரே மாதிரிப் படம், ஒரே மாதிரித் தலை என்று ஆகிவிட்ட பின் கேட்பவன் சலிக்காமல் என் செய்வான்?

அந்த ஜனவரி மாதமே அமெரிக்க இசைப் பரிசளிப்பு விழாவில், வன்மை இசைப் பிரிவில் சிறந்த புதிய குழு என்ற விருது நிர்வாணாவுக்குக் கிடைக்கவில்லை; ஃபயர்ஹவுஸ் என்ற மினுக்கு இசைக் குழுவுக்கே கிடைத்தது! ஆனால் விரைவிலேயே சொந்த நாடு அவர்களை மறந்தது. நம் நாட்டின் வடகிழக்கு மறக்கவில்லை. 2004-ம் ஆண்டு அவர்கள் ஷில்லாங்கிலும் திமாபூரிலும் ஐஸாலிலும் வந்து பாடியபோது, அம்மலைநாட்டு இளைஞர்கள் அப்பாடல்களைத் தம் பாடல்களாகவே வரவேற்றனர். அக்குழுவின் பாடகர் ஸி. ஜே. ஸ்நேர் 2024-ல் மறைந்தார்.

இன்றைய நிலை என்ன? பழையவர்கள் ஓயவில்லை. மாட்லி குரூவினர் 'இனிச் சுற்றுப்பயணம் இல்லை' என்று 2014-ல் பத்திரிகையாளர் முன்னிலையில் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டனர். 2015-ன் கடைசி நாளில் விடைபெற்றனர். 2022-ல் டெஃப் லெப்பர்டு, பாய்ஸன் ஆகியோருடன் மீண்டும் மேடையேறினர். ஒப்பந்தங்களை நாள்தோறும் மொழிபெயர்க்கும் நமக்கு, அதன் வாசகத்தை ஒருமுறை படித்துப் பார்க்க ஆவல்தான்!

புதியவர்களுள் இங்கிலாந்தின் தி டார்க்னெஸ் குழு 2003-ல் வெளியிட்ட முதல் இசைத்தட்டால் தம் நாட்டில் முதலிடம் பெற்றது. அவர்கள் புன்முறுவலோடு பாடுகிறார்கள், ஏளனம் செய்வதில்லை. லாஸ் ஏஞ்செல்ஸின் ஸ்டீல் பாந்தர் குழுவினர் வல்ல வாத்தியக்காரர்கள். ஆனால் பழைய வேஷத்தைப் பரிகசிப்பதாகச் சொல்லிக்கொண்டு பழைய ஆபாசத்தையே இருமடங்காக்குகிறார்கள். ஸ்வீடனில் கிராஷ்டயட், கிரேஸி லிக்ஸ் ஆகியோரும், பின்லாந்தில் ரெக்லஸ் லவ் குழுவினரும் இந்த இசையை மெய்யான பற்றோடு வளர்த்து வருகின்றனர். பழையவர்கள் தம் ஆசைகளைப் பாடினார்கள்; புதியவர்களுள் சிலர் பழையவர்களையே பாடுகிறார்கள் என்பது மட்டும் நம் மனக்குறை.

அக்குறையில்லாத ஒருவர் நம் நாட்டிலேயே இருக்கிறார். சிக்கிம் மாநிலத்துக் காங்டாக்கில் 2009-ல் தோன்றிய குழு 'கிரீஷ் அண்டு தி கிரானிக்கல்ஸ்'. அதன் பாடகர் கிரீஷ் பிரதான், டாக்கன் குழுவில் பேர் பெற்ற ஜார்ஜ் லிஞ்ச், ஜெஃப் பில்ஸன் ஆகியோரின் 'தி எண்டு மஷீன்' குழுவுக்குப் பாடகராகி, 2024-ல் வெளிவந்த இசைத்தட்டில் பாடினார். காங்டாக்கிலிருந்து சன்செட் வீதியின் மூத்தோருக்குக் குரல் கொடுக்க ஒருவர் சென்றது உடையினாலோ தலைமயிரினாலோ அன்று, தொண்டையின் பயிற்சியினால்தான்.

ஆகவே, நேயர்கள் இவ்விசையைக் கேட்க நேர்ந்தால் முதலில் படத்தைப் பார்க்காமல் பாட்டை மட்டும் கேட்கும்படி வேண்டுகிறோம். சில பாடல்கள் அப்போது வெறுமையாகத் தோன்றும், அவற்றை விட்டுவிடலாம். சில நிலைத்து நிற்கும். மாயம் மறைந்த பின் எஞ்சியிருக்கும் இலக்கணம் அது. அதற்குப் பின் படத்தைப் பார்த்து மகிழ்வதில் தவறொன்றும் இல்லை.