நீராவியின் வழியை மறிக்கும் களி



நீத்துப்பெட்டியில் புட்டவிக்கும்போது பெட்டிக்கும் பானை வாய்க்கும் நடுவே இடுக்கு இருந்தால் என்ன நேரும் என்பதை நம் தாய்மார் நன்கறிவர். விறகு எரிந்துகொண்டேயிருக்கும், ஆவி இடுக்கால் போய்விடும், மா வேகாது. ஈரத்துணி சுற்றி அதனை அடைப்பார்கள். எண்ணெய் வயல்களிலும் இத்தொல்லை உண்டு. அதைப்பற்றியே இன்று சிறிது பேச எண்ணுகின்றோம்.

நிலத்தடி எண்ணெய் எல்லாம் தண்ணீர்போல் ஓடுவதன்று. சில இடங்களில் அது பனம்பாணிபோலத் தடித்து மணற்பாறையில் ஒட்டிக் கிடக்கும். கலிபோர்னியாவில் 1899ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட கேர்ண் ரிவர் வயல் அத்தகையது. 1960களில் அங்கே கிணறுகள் வழியே நீராவியைச் செலுத்தி எண்ணெயை இளக்கத் தொடங்கினர். சுமாத்திராத் தீவின் டூரி வயலிலும் 1985 முதல் இம்முறை பெருமளவிற் கையாளப்பட்டது. வெந்நீர் போதாதோ எனலாம். பனிக்கட்டிபோற் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர வேண்டிய வெப்பத்தைப்போல் 5 மடங்குக்கு மேல், அக்கொதிநீரை ஆவியாக்க வேண்டும். பாறையிற் பட்டு நீராகும்போது ஆவி அவ்வெப்பம் முழுவதையும் அங்கே விட்டுவிடுகின்றது.

ஆனால் ஆவி இலேசானது. மேலெழும்பும்; பிளவு கண்டால் அதில் ஓடும். ஒரு வழியில் எண்ணெய் வடிந்துவிட்டால் பின்வரும் ஆவியும் அவ்வழியே செல்லும். அயலிலுள்ள எண்ணெய் குளிர்ந்தபடியே கிடக்கும். கேர்ண் ரிவரில் ஆரம்பத்தில், எடுத்த எண்ணெயில் ஒரு பங்கையே எரித்து ஆவி உண்டாக்கினார்கள் என்றால், வீணாகும் ஆவியின் விலை விளங்கும். மேலும் ஆவியைச் செலுத்துவது, இடுக்கை அடைக்காமல் அடுப்பில் விறகைத் திணித்த கதைதான்.

அடைப்பதற்கு உதவுவது ஜெல் எனப்படும் களி. வயல்களில் வழக்கமாகப் பயன்படும் பொலிஅக்கிரிலமைட்டுக் களி ஆவியின் சூட்டிற் சிதைந்துவிடும். ஆகவே ரஷ்யாவின் தொம்ஸ்க் நகரப் பெற்றோலிய இரசாயன நிறுவகத்தார், சூட்டினாலேயே உறையும் இரு களிகளை ஆக்கினர். ஒன்று மெதைல் செலுலோசு கலந்தது. நம் வீட்டுக் கடற்பாசி சூட்டில் உருகி, ஆறினால் உறையும், இது நேர்மாறு. மற்றது அலுமினிய உப்பும் யூரியாவும் சேர்ந்த கரைசல். ஆம், நெல்வயலுக்கு இடும் யூரியாவே! சூடேறியதும் அது சிதைந்து அமோனியாவைத் தர, கரைசலின் அமிலத்தன்மை குறைந்து அலுமினிய ஐதரொட்சைட்டு களியாகின்றது. கோமிக் குடியரசின் உசின்ஸ்க் வயலில் இவற்றைப் பயன்படுத்தினார்கள்.

இதிலுள்ள நயம் யாதெனில், தண்ணீர்போன்ற கரைசல் ஆவி திறந்துவைத்த வழியிலேயே பெரும்பாலும் இறங்குகின்றது. அங்குள்ள சூடே அதை உறையவைக்கின்றது. பின்வரும் ஆவி புதுவழி தேடியே ஆகவேண்டும்.

இதனை எல்லா நோய்க்கும் மருந்தாக நாம் கருதவில்லை. பிளவு உள்ள இடத்தில் களி நன்கு உதவும். தடித்த மணற்படையில் ஆவி தன் இலேசினாலேயே மேலேறுமானால், கிணற்றடியிலிட்ட களியைச் சுற்றிக்கொண்டு அது மீண்டும் மேலே போய்விடும். இடம் தவறினால் எண்ணெயின் பாதையே அடைபடும். அதனால் எந்தக் கிணற்றிற் சூடு திடீரென ஏறுகின்றது என்று அளந்து பார்த்த பின்னரே கரைசலைக் கலக்கத் தொடங்குவார்கள்.