வாய் திறந்த குடும்பங்கள்

ஊரிலிருந்து உறவினர் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரித்தால், நாம் அனைவரும் ஒரே விடையைத்தான் தருகிறோம்: "எல்லோரும் சௌக்கியம்." ஒன்பது ஆண்டுகள் நானும் அவ்விடையையே தந்துவந்தேன். அது முழு உண்மையன்று. என் தமையனாரை இருபத்திரண்டாம் வயதில் மனச்சிதைவு நோய் பற்றியது. அன்னையார் காலமான பின்னர் அவரைத் தில்லிக்கு அழைத்து வந்து என்னுடன் வைத்துக்கொண்டேன். "அண்ணா என்ன செய்கிறார்?" என்று எவரேனும் கேட்டால், "ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார்" என்று சொல்லிவிடுவேன். அவர் எந்தக் கம்பெனியிலும் கணக்கு எழுதவில்லை. இதனை இன்று உங்கள்முன் கூறுவதற்கு அவருடைய இசைவைப் பெற்றிருக்கிறேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மனநோயுற்றோரைப் பேணும் குடும்பத்தாருக்காகக் குரல் எழுப்பும் அமைப்புகளும், அவற்றை முன்னின்று நடத்துவோரும் என்பதாகும். இவர்கள் பெரும்பாலும் மேடைப் பேச்சில் வல்லவர்களோ செல்வாக்கு மிக்கவர்களோ அல்லர். "என் வீட்டிலும் இது உண்டு" என்று முதன்முதலில் வாய் திறந்து சொன்னவர்கள். அவ்வொரு வாக்கியத்தைச் சொல்ல இயலாமையால்தான் எத்தனையோ குடும்பங்கள் தனித்து நின்று தவிக்கின்றன.

சொந்த ஊரில் ஒருவருக்கு இந்நோய் வந்தால், அத்தை ஒரு நாள் பார்த்துக்கொள்வாள். அடுத்த வீட்டார் ஒரு நாள் பார்த்துக்கொள்வர். வெளி மாநிலத்தில், இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீட்டில், அந்தத் துணை இல்லை. வீட்டுக்காரர் அறிந்தால் காலி செய்யச் சொல்வாரோ என்ற அச்சம் வேறு. இவற்றோடு மொழியும் ஒரு தடையாகிறது. காய்ச்சலை எந்த மொழியிலும் மருத்துவருக்குச் சொல்லிவிடலாம். மனத்தின் துன்பமோ தாய்மொழியில்தான் வெளிப்படும்.

மொழிபெயர்ப்பே எனக்குச் சோறு போடும் தொழில். ஆயினும், மருத்துவர்முன் என் தமையனாரின் சொற்களை இந்தியில் கூறவேண்டி வந்தபோது நான் தவறினேன். "அம்மா குரலில் யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள், போக வேண்டும் போல் இருக்கிறது" என்றார் அவர். "ஏதோ குரல் கேட்கிறதாம்" என்று மட்டும் நான் சொன்னேன். பிற்பகுதியைச் சொல்ல எனக்கு நாணமாகவும் அச்சமாகவும் இருந்தது. வெளியே வந்து பேருந்துக்காக நிற்கையில், "நான் சொன்னதை நீ முழுக்கச் சொல்லவில்லையே, அப்பா" என்றார். அவருக்கும் ஓரளவு இந்தி தெரியும் என்பதை நான் மறந்துவிட்டேன். மறுநாளே திரும்பச் சென்று முழுவதையும் கூறினேன். மருத்துவர் மருந்தை மாற்றினார். சில வாரங்கள் அவரைத் தனியே விடலாகாது என்றும் எச்சரித்தார். நான் விழுங்கிய அந்த நான்கு சொற்கள் எத்துணை முக்கியமானவை என்று அன்றுதான் உணர்ந்தேன்.

இனி வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1912ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், குடும்பத்தாரின் வேலை நோயாளியை மருத்துவமனையில் அடைத்துவைக்குமாறு மாஜிஸ்டிரேட்டிடம் மனுச் செய்வதே. அவ்வாறு அடைக்கப்பட்டவர்கள் பலர் வீடு திரும்பவேயில்லை. இந்நிலையை மாற்றத் துணிந்தவர்களுள் ஒருவர் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் தலைவராயிருந்த டாக்டர் வித்யாசாகர். 1950களில் அவர் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து, நோயாளிகளின் உறவினரையும் அவர்களுடன் தங்கச் செய்தார். உறவினர் நோயின் இயல்பைக் கண்ணாரக் கண்டு, பேணும் முறையைக் கற்று, தம்மவரை உடன் அழைத்துக்கொண்டு ஊர் திரும்பினர். தமிழகத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தார் உடன் தங்கும் முறையைக் கைக்கொண்டது.

எனினும் இவையெல்லாம் மருத்துவர்கள் குடும்பத்தாருக்குத் திறந்துவிட்ட கதவுகள். குடும்பத்தார் தாமே கதவைத் தட்டத் தொடங்கியது பின்னரே. 1970இல் இலண்டன் டைம்ஸ் நாளிதழில் ஒரு தந்தை, மனச்சிதைவு நோயுற்ற தம் மகனைப் பற்றியும், உதவியின்றித் தம் குடும்பம் பட்ட பாட்டைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். தம் பெயரை அவர் அதில் வெளியிடவில்லை. படித்தவர்களிடமிருந்து, "எங்கள் வீட்டிலும் இப்படித்தான்" என்று கடிதங்கள் வந்து குவிந்தன. ஜான் பிரிங்கிள் என்னும் அத்தந்தை, அவ்வாறு எழுதியவர்களை ஒன்றுசேர்த்து 1972இல் நாடளாவிய ஒரு சங்கத்தை நிறுவினார். அமெரிக்காவில் மேடிசன் நகரில், ஹாரியட் ஷெட்லர், பெவர்லி யங் என்னும் இரு அன்னையர் 1977இல் உணவருந்தியவாறே தத்தம் புதல்வர்களின் நோயைப் பற்றிப் பேசிக்கொண்டனர். அந்தப் பேச்சிலிருந்து பிறந்த சிறு சங்கமே, வேறு ஊர்களின் சங்கங்களோடு இணைந்து, 1979இல் தேசியக் கூட்டமைப்பாக உருவெடுத்தது.

நம் நாட்டிலும் அத்தகையோர் உண்டு. கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்த ஜகந்நாத் வாணி, தம் மனைவியாரின் நோயால் பல்லாண்டு துன்புற்றவர். தாம் பட்டறிந்ததைத் தாய்நாட்டுக் குடும்பங்களுக்குப் பயன்படச் செய்ய எண்ணி, 1997இல் புணே நகரில் மனச்சிதைவு நோய் விழிப்புணர்வுக்கான ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அதில் குடும்பத்தாரும் நோயுற்றவர்களும் ஒன்றுகூடித் தத்தம் நிலையைப் பேசிக்கொள்ள வழி பிறந்தது. சென்னையிலோ, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை நெடுங்காலம் தலைமை தாங்கி நடத்திய டாக்டர் சாரதா மேனன் 1984இல் மனச்சிதைவு நோய்க்கான ஆராய்ச்சி நிறுவனத்தை அமைத்தார். குடும்பத்தாரே நடத்தும் ஆஷா என்ற அமைப்பும் அந்நகரில் தோன்றியது.

வாய் திறவாமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் நாடே கண்டது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் ஓடித் தப்ப இயலவில்லை. அவர்களை அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பத்தார் அனைவரும் கொடியவர்கள் அல்லர். செல்ல வேறிடம் அறியாதவர்களும், கேட்பதற்கு ஆளில்லாதவர்களும் அவர்களுள் பலர்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அடுத்த ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. மனநோயுற்றவருடன் வாழ்ந்து, அவரைப் பேணும் பொறுப்பை ஏற்றவரை, உறவினராயினும் பிறராயினும், ஊதியம் பெறினும் பெறாவிடினும், அச்சட்டம் பராமரிப்பாளர் என்று வரையறுக்கிறது. மத்திய மனநல ஆணையத்தில் பராமரிப்போரின் சார்பில் இருவருக்கு இடமளிக்கிறது. மனுதாரராக மட்டுமே இருந்த குடும்பத்தார்க்கு ஆலோசனை மன்றத்தில் நாற்காலி கிடைத்திருக்கிறது. அதே ஆணையத்தில், நோயுற்றிருப்போர் அல்லது நோயுற்று நலம் பெற்றோர் சார்பிலும் இருவருக்குத் தனியே இடமுண்டு. இதனைக் குடும்பத்தார் சங்கங்களின் தலைவர்கள் நன்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இங்கேதான் அத்தலைவர்களின் கடினமான பணி தொடங்குகிறது. நோய் முற்றிய வேளையில் மருத்துவமனையில் சேர்க்கச் சட்டம் தடையாக இருக்கிறது என்று குடும்பத்தார் முறையிடுவர். எங்கள் விருப்பத்தைக் கேளாமலே எங்களை அடைத்தீர்களே என்று நோயுற்றோர் முறையிடுவர். இரண்டும் மெய்யே. குடும்பத்தாரின் களைப்பை உரக்கச் சொல்லும் தலைவர், நோயுற்றவரின் சொல்லை விழுங்கிவிடலாகாது. பேருந்து நிறுத்தத்தில் எனக்குக் கிடைத்த பாடமும் இதுவேயாகும். தமக்காகப் பேச வேண்டியவர் யார் என்பதை, ஒரு வெற்றுத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, நோயாளரே நியமித்துக்கொள்ள அச்சட்டம் உரிமை அளிக்கிறது. அத்தாளை நான் என் தமையனாரிடம் நீட்டியபோது, என் பெயரை உடனே எழுதிவிடுவார் என்று எண்ணினேன். அவர் இரண்டு நாள் யோசித்த பின்னரே எழுதினார். முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு, அந்த இரண்டு நாளும் அவருடைய உரிமை என்று தெளிந்தேன்.

தலைமை என்பது நாள்தோறும் எப்படி நடைபெறுகிறது என்பதையும் கூற விரும்புகிறேன். தில்லியில் மாதம் ஒரு ஞாயிறு கூடும் ஒரு சிறு குழுவுக்கு நான் செல்வதுண்டு. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் அதனை நடத்துகிறார். அவருடைய மகனுக்கு இந்நோய். முதல் நாள் நான் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். அண்ணனுக்கு என்ன நோய், எத்தனை ஆண்டு என்றெல்லாம் அந்த அம்மையார் கேட்கவில்லை. "நேற்றிரவு நீங்கள் தூங்கினீர்களா?" என்று மட்டுமே கேட்டார். பல ஆண்டுகளில் என்னை எவரும் கேளாத கேள்வி அது.

சில மாதங்களில் அவ்வம்மையார் வருவதில்லை. மகனுக்கு நோய் மிகுந்திருக்கும். அப்போது வேறிருவர் கூட்டத்தை நடத்துகின்றனர். கணக்குப் புத்தகமும் உறுப்பினர் பட்டியலும் அவர்களிடம் இருக்கும். ஒருவரையே நம்பியிருக்கும் சங்கம், அவர் வீட்டில் நோய் மூண்டால் சாய்ந்துவிடும் என்பதை அவர் நன்கறிந்து, பணியைப் பகிர்ந்தளித்திருக்கிறார்.

அக்கூட்டத்தில் மாதந்தோறும் எழும் கேள்வி ஒன்று உண்டு: "எங்களுக்குப் பின் யார்?" இதற்கு முழு விடை இன்னும் இல்லை. ஆனால் பயனுள்ள சில செய்திகளை அங்கேதான் அறிந்தேன். பழைய ஓய்வூதியத் திட்டத்திற்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியரின் மகனோ மகளோ மனநோயால் தாமே பொருளீட்ட இயலாதவராயின், உரிய சான்றின் பேரில், பெற்றோருக்குப் பின் குடும்ப ஓய்வூதியத்தை வாழ்நாள் முழுதும் பெறலாம். பணியில் இருக்கும்போதே அதற்கான தாள்களைச் சேர்த்து வைத்தல் நலம். மற்றொன்று, 2022இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவி. 14416 என்ற எண்ணுக்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இது சிறிய உதவியன்று.

அன்பர்களே, உங்களுள் எவர் வீட்டிலேனும் இத்துன்பம் இருக்குமாயின், பெரிய சங்கம் எதையும் நீங்கள் தொடங்க வேண்டியதில்லை. நம்பத்தக்க ஒருவரிடம், நோயுற்றவரின் இசைவோடு, உண்மையைச் சொல்லுங்கள். மேடிசன் நகரத்து அன்னையர் செய்தது அவ்வளவே. அடுத்த வீட்டில் இத்துன்பம் இருக்கக் கண்டால், ஒரு பிற்பகல் அங்கே சென்று அமருங்கள்; அவ்வீட்டார் சற்று உறங்கட்டும்.

இவ்வுரையை எழுதி முடித்ததும் என் தமையனாரிடம் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நீ என்னைப் பார்த்துக்கொள்வதாகவே எழுதியிருக்கிறாய். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து பால் வாங்கி வருவது யார் என்பதையும் எழுது" என்றார். அவரே வாங்கி வருகிறார். ஆறு ஆண்டுகளாக ஒரு நாளும் தவறியதில்லை.