பட்டாடையை அந்து அரிக்காமல் காப்போம்

(போளூரில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் நெசவாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஒரு புழு நூற்ற பட்டை மற்றொரு புழு தின்று தீர்க்கிறது. அந்த இரண்டாவது புழுவைப் பற்றித்தான் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டோம்.

போளூர், ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் ஆகிய ஊர்களில் பட்டுத்தறி பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. உழவர் வீட்டிலும் ஒரு பட்டுப் புடவையேனும் இருக்கும். விளைச்சல் நன்றாக இருந்த ஆண்டில், மகளின் திருமணத்திற்கென வாங்கி வைத்தது அது. பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியின் அடியில் வைத்துவிடுகிறோம். மூன்றாண்டு கழித்து முகூர்த்த நாளன்று எடுத்து விரித்தால், மடிப்புத்தோறும் துளை. பல நாள் உழைப்பும் பல ஆண்டுச் சேமிப்பும் ஒரு நொடியில் பாழாகின்றன.

இதனைச் செய்வது யார்? நெற்குதிரில் காணும் அந்துப்பூச்சியை உழவர்கள் நன்கு அறிவார்கள். அது தானியத்தைத் தின்பது, துணியைத் தொடாது. துணி அந்து வேறு இனம். வைக்கோல் நிறத்தில், நெல்மணியளவே இருக்கும் சிறு பூச்சி. விளக்கைச் சுற்றும் பூச்சிகளைக் கண்டு அஞ்ச வேண்டாம்; துணி அந்து வெளிச்சத்தைக் கண்டால் இருளுக்கு ஓடும். பறக்கும் அந்து எதையும் தின்பதுமில்லை. அது இடும் நாற்பது, ஐம்பது முட்டைகளிலிருந்து வரும் புழுக்களே நம் துணியைத் தின்கின்றன. ஆகையால், பறக்கும் பூச்சியை அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று இருத்தல் தவறு. கம்பள வண்டு என்னும் சிறு வண்டும் இவ்வாறே தீங்கு செய்யும். மயிர் அடர்ந்த அதன் புழு உரித்துப்போட்ட தோலைப் பெட்டியின் மூலையில் காணலாம்.

இப்புழுக்களின் உணவு கம்பளி, மயிர், இறகு, பட்டு முதலியன. வியர்வையும் எண்ணெய்க் கறையும் உணவுக் கறையும் படிந்த இடத்தை முதலில் அரிக்கும். தூய பருத்தி அதற்கு உணவாகாது. எனவே நமது பருத்தி ஜமக்காளத்தை இந்த அந்து நாடாது. கம்பளி விரிப்பு அப்படியன்று. சரிகையை அது தின்னாது என்றாலும், அடியிலுள்ள பட்டு போனபின் சரிகை மட்டும் நின்று என்ன பயன்?

இருளும் அழுக்கும், தொடாமல் கிடக்கும் நிலையும் இப்புழுவுக்குத் துணை. இம்மூன்றையும் நீக்குவதே மருந்து. உடுத்திய பட்டை அப்படியே மடித்து வைத்தல் கூடாது. நிழலில் காற்றாட விரித்து, கறை நீக்கி, நன்றாக உலர்ந்தபின் வைத்தல் வேண்டும். நேர்வெயில் பட்டின் நிறத்தை வெளுக்கச் செய்யும். கம்பளியை வெயிலில் உலர்த்தித் தட்டலாம். பட்டைத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைப்பது நலம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை வெளியே எடுத்து, பழைய மடிப்பை மாற்றி மடித்து, பெட்டியின் மூலைமுடுக்கைத் துடைத்தல் வேண்டும். போகி, சித்திரை, ஆடி, ஐப்பசி என்று நாள் குறித்துக்கொண்டால் மறவாது.

துளையோ, மணல் போன்ற எச்சமோ, நூலாம்படை போன்ற இழையோ கண்டால் அத்துணியை உடனே தனியே பிரித்தல் வேண்டும். உறைபெட்டி வசதி உள்ளவர்கள், துணியைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, பூச்சியத்திற்குக் கீழே 18 டிகிரிக் குளிரில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் மடியும். வெளியே எடுத்தபின், குளிர் முற்றிலும் தணிந்த பிறகே பையை அவிழ்க்க வேண்டும். இல்லையேல் பட்டில் ஈரம் படியும்.

வேப்பிலையும் வசம்பும் வைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவற்றின் வாசனை அந்துவை ஓரளவு அண்டவிடாமல் செய்யலாம். துணியில் ஏற்கெனவே உள்ள புழுவைக் கொல்லும் என நம்பியிருத்தல் ஆகாது. பட்டில் கறை படியாதபடி சிறு பையிலிட்டு வைக்க வேண்டும். பாச்சை உருண்டை, இறுக மூடிய பெட்டியில்தான் பயன் தரும். குழந்தைகள் அதை மிட்டாய் என்று எண்ணி விழுங்கினால் பேராபத்து. சில குழந்தைகளுக்கு அதன் ஆவியே இரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடும். ஆதலால் குழந்தைத் துணிகளோடு அதை ஒருபோதும் வைக்கலாகாது. உழவர்களுக்கு இன்னொரு வேண்டுகோள்: வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைத் துணிப்பெட்டியில் தூவாதீர்கள். புடவை பிழைத்தாலும் அதை உடுத்தும் பெண்ணின் உடலுக்குத் தீங்கு நேரும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் இதில் கடமை உண்டு. ஊர்க்கோயிலில் சுவாமிக்குச் சாத்தும் பட்டு ஒரு திருவிழாவிலிருந்து மறு திருவிழா வரை பூட்டிய பெட்டியில் கிடக்கிறது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கிடங்கில் பட்டு நூலும் புடவையும் அடுக்கிலிருக்கின்றன. பொறுப்புள்ளவர்களிடம் சொல்லி, கோயில் பெட்டியை மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், கிடங்கை மாதத்திற்கு ஒருமுறையும் திறந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பழைய சரக்கு முதலில் வெளியேறட்டும். கூரையிடுக்கிலுள்ள கைவிடப்பட்ட குருவிக்கூடும் செத்த எலியும் இப்பூச்சிகளின் பிறப்பிடங்கள், அவற்றை அகற்றுங்கள்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. பூட்டி வைத்தால் பத்திரம் என்று நாம் நினைக்கிறோம். பட்டுக்கோ திறந்து பார்ப்பதே பத்திரம். இன்று வீடு திரும்பியதும் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, இவ்வுரையை முடித்துக்கொள்கிறோம்.