ஒரே மேசை, இரண்டு வரிசை

கிளிநொச்சி மாவட்டத்து முரசுமோட்டைக் கமக்காரருக்குப் பங்கு என்றால் என்ன, முறை என்றால் என்ன என்று யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சிறுபோகம் நெருங்கினால் இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்ப்பார்கள். பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். இந்த முறை இத்தனை ஏக்கருக்குத்தான் தண்ணீர் என்று முடிவாகும். காணியைப் பார்த்துப் பங்கு பிரியும். மனக்குறை இருக்கும், வாய்த்தர்க்கமும் வரும். ஆனால் கணக்கு எல்லோருக்கும் விளங்கும்.

நூறு ஏக்கர் வயலுக்குப் போகிற வாய்க்காலுக்கும் ஐந்து ஏக்கருக்குப் போகிற வாய்க்காலுக்கும் ஒரே அளவு தண்ணீர்தான் என்று யாராவது சட்டம் போட்டால் அந்தக் கூட்டத்தில் என்ன நடக்கும்? அமெரிக்காவில் தொழில்வழியாக நிரந்தர வதிவிட உரிமை, அதாவது கிறீன் கார்ட், கேட்டு நிற்பவர்களுக்கு முப்பது வருடத்துக்கும் மேலாக நடந்துகொண்டிருப்பது இதுதான், நேயர்களே.

1990 நவம்பரில் மூத்த ஜோர்ஜ் புஷ் ஜனாதிபதியாக இருந்தபோது கையெழுத்திட்ட குடிவரவுச் சட்டம் இரண்டு எண்களை நட்டுவைத்தது. தொழில்வழிக் கிறீன் கார்ட் வருடத்துக்கு 140,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 வீதத்துக்கு மேல் இல்லை. அந்த 140,000 முழுவதும் வேலை செய்பவருக்கென்று நினைக்கக் கூடாது. கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் அதற்குள்ளேதான் எண்ணப்படுகிறார்கள். அதனால் பாதிக்கு மேல் குடும்பத்தவர்களுக்கே போய்விடுகிறது. 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கும் இரண்டு கோடி சொச்சம் பேர் வாழும் இலங்கைக்கும் ஒரே உச்சவரம்பு. முதுகலைப் பட்டம் பெற்றவர்கள் நிற்கும் இரண்டாம் பிரிவில் வருடத்துக்கு 40,040 இடம். அதில் 7 வீதம் ஏறக்குறைய 2,800. மற்ற நாட்டவர்கள் எடுக்காமல் மீதி விட்டால் இந்தியர்களுக்குக் கொஞ்சம் கூடும். விடாவிட்டால் அவ்வளவுதான். சட்டம் எழுதப்பட்ட காலத்தில் வீடுகளில் இணையம் இல்லை. சென்னையிலும் ஹைதராபாத்திலும் இருந்து ஆயிரக்கணக்கில் கணினிப் பொறியியலாளர்கள் புறப்படுவார்கள் என்று அப்போது எவரும் எண்ணவில்லை. எண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இந்த வரிசையில் ஏறுவதே ஒரு வேலை. இந்த உத்தியோகத்துக்குத் தகுதியான அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று வேலை கொடுப்பவர் முதலில் தொழில் திணைக்களத்துக்கு நிரூபிக்க வேண்டும். விளம்பரம், நேர்முகத்தேர்வு, காத்திருப்பு என்று வருடம் ஒன்றுக்கு மேல் ஓடும். பிறகு குடிவரவுத் திணைக்களத்துக்கு மனு. தொழில் திணைக்களத்துக்குக் கோவை முதலில் கொடுக்கப்பட்ட நாளுக்கு முன்னுரிமைத் திகதி என்று பெயர். தன் கலியாண நாளை மறந்தவர்கூட அந்தத் திகதியை மறக்கமாட்டார். இராஜாங்கத் திணைக்களம் மாதாமாதம் ஒரு பட்டியல் வெளியிடும். அதில் தன் பிரிவுக்கும் தன் நாட்டுக்கும் நேரே போட்டிருக்கும் திகதி, தன்னுடைய திகதியைத் தாண்டினால்தான் முறை வரும். கைத்தொலைபேசியில் அந்த ஒற்றை வரியைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பல வீடுகளில் அன்றைய இராச்சாப்பாடு. சில மாதம் இரண்டு கிழமை நகர்ந்திருக்கும். சில மாதம் அசையாது. சில மாதம் திகதி பின்னுக்கே போய்விடும்.

இப்போது ஒரே கொம்பனியில், ஒரே மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பொறியியலாளர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவரும் தமிழர். ஒருவர் திருச்சியில் பிறந்தவர், மற்றவர் கிளிநொச்சியில். ஒரே படிப்பு, ஒரே சம்பளம். 2025 ஜூலைப் பட்டியலின்படி, இரண்டாம் பிரிவில் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் போட்டிருந்த திகதி 2013 ஜனவரி 1. இலங்கை அடங்கும் ஏனைய நாடுகளுக்கு 2023 ஒக்டோபர். கிளிநொச்சியில் பிறந்தவர் இரண்டு வருடக் கோவையோடு உள்ளே போகும்போது, திருச்சியில் பிறந்தவர் பன்னிரண்டு வருடமாக அதே வாசலில் நிற்கிறார்.

குடியுரிமை எது, கையில் எந்தக் கடவுச்சீட்டு என்பதெல்லாம் இங்கே கணக்கில் இல்லை. பிறந்த மண் மட்டுமே கணக்கு. வன்னியில் இருந்து படகேறி, தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் பிள்ளை பெற்றுத் திரும்பி வந்த குடும்பங்கள் இந்தப் பக்கம் இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு இன்று இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தாலும், பொதுவிதிப்படி அது நிற்கவேண்டியது இந்திய வரிசையில். இன்னொரு விதியும் இருக்கிறது. இந்தியாவில் பிறந்தவர் இலங்கையில் பிறந்த ஒருவரை மணந்திருந்தால், துணையின் நாட்டு வரிசையில் போகலாம். பாக்குநீரிணைக்கு எந்தப் பக்கத்தில் ஒருவர் பிறந்தார் என்பதற்குப் பத்து வருடத்துக்கு மேல் விலை!

நல்ல சம்பளத்தில் இருப்பவர்களுக்கு இதில் என்ன குறை என்று இங்கே சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. 2012, 2013 காலத்தில் அவுஸ்திரேலியாவுக்குப் படகில் போனவர்களின் கதை வன்னிக்குத் தெரியும். 2023 பெப்ரவரியில், தற்காலிகப் பாதுகாப்பு விசா வைத்திருந்த ஏறத்தாழ 19,000 பேருக்கு அந்த அரசு நிரந்தர வழி திறந்தது. மனு நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர், அவர்களில் எங்கள் ஆட்களும், வழியில்லாமல் நின்றார்கள். அந்தத் துயரத்தையும் இதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் நிச்சயமின்மை என்பது சம்பளத்தால் தீர்வதில்லை.

எச்-1பி என்ற வேலை விசாவுக்கு ஆறு வருடமே எல்லை. மனு ஏற்கப்பட்டு முறை வராமல் நிற்பவர்களுக்கு, 2000 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி மும்மூன்று வருடமாக நீட்டிக் கொடுப்பார்கள். வேலை போனால் அறுபது நாள். அதற்குள் வேறு கொம்பனி விசாவுக்கு மனுப்போடாவிட்டால், வாங்கிய வீட்டையும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு மூட்டை கட்ட வேண்டும். ஊரில் தகப்பன் இறந்துபோனார் என்று செய்தி வந்தால், விமானச் சீட்டின் விலைக்கு முதல் மனதில் வரும் கேள்வி, கடவுச்சீட்டில் விசா முத்திரை செல்லுபடியாகிறதா என்பது. முடிந்திருந்தால் சென்னைத் துணைத் தூதரகத்தில் புதிதாகப் பெற்றுத்தான் திரும்பலாம். நேர்முகத்துக்கு நாள் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கொள்ளி வைக்கப் போனால் வேலை நிற்குமா என்று ஒரு மகன் யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனையைப் பேராசை என்று ஊரார் சொல்வது அநியாயம்.

துணையாகப் போனவர்களின் நிலைக்கு ஓர் உதாரணம். கன்சாஸ் மாநிலத்தின் ஒலேத்தா நகரில் 2017 பெப்ரவரி 22 அன்று சிறிநிவாஸ் குச்சிபொட்லா என்ற இந்தியப் பொறியியலாளர் இனவெறியனால் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 32. மனைவி சுனயனா துமாலா உடலை ஹைதராபாத்துக்குக் கொண்டுபோனார். அவருடைய விசா கணவரின் விசாவில் தங்கியிருந்தது. கணவர் போனதோடு அந்த நாட்டில் இருக்கும் உரிமையும் போயிற்று. கெவின் யோடர் என்ற காங்கிரஸ் உறுப்பினர் தலையிட்ட பின்தான் அவரால் திரும்பிப் போய் வேலை செய்ய முடிந்தது. கணவனைக் கொன்றவனுக்குத் தண்டனை கிடைக்குமுன்பே, கைம்பெண்ணுக்கு விசாப் பிரச்சினை வந்துவிட்டது.

பிள்ளைகளின் நிலை இன்னொன்று. நாலு வயதில் பெற்றோரோடு போன பிள்ளை அங்கேயே படித்து வளரும். கோவை முடியுமுன் அதற்கு இருபத்தொரு வயதானால், பெற்றோரின் வரிசையில் இருந்து பெயர் விழுந்துவிடும். 2002 இல் வந்த ஒரு சட்டம் சிலருக்கு வயதைக் கணக்கிடுவதில் சலுகை கொடுத்தாலும், இத்தனை நீள வரிசைக்கு அது போதாது. மாணவர் விசா தேட வேண்டும், அல்லது மொழியும் சரியாகத் தெரியாத ‘சொந்த’ நாட்டுக்குப் போக வேண்டும். இப்படியான பிள்ளைகள் இரண்டு இலட்சத்துக்கு மேல் என்கிறது, அவர்களே சேர்ந்து நடத்தும் ‘இம்ப்ரூவ் த ட்ரீம்’ என்ற அமைப்பு.

இந்த வரிசையில் நிற்பவர்கள் வாய்மூடி இருந்தவர்கள் அல்லர். 2007 ஜூலையில் எல்லோரும் விண்ணப்பிக்கலாம் என்று பட்டியல் சொன்னது. மருத்துவப் பரிசோதனை, சட்டத்தரணி, படங்கள் என்று செலவழித்து, விடுமுறையை இரத்துச் செய்து கோவைகளை அனுப்பினார்கள். ஜூலை 2 ஆம் திகதி, இடம் முடிந்துவிட்டது, ஏற்கமாட்டோம் என்று அறிவிப்பு வந்தது. அவர்கள் கல்லெறியவில்லை. ‘லகே ரஹோ முன்னாபாய்’ என்ற ஹிந்திப் படத்தில் காந்தியின் வழியில் எதிராளிக்குப் பூ அனுப்புவார்கள். அதைப்போல, குடிவரவுத் திணைக்களப் பணிப்பாளர் எமிலியோ கொன்சாலெஸின் முகவரிக்கு நூற்றுக்கணக்கான பூங்கொத்துகளை அனுப்பினார்கள். ஜூலை 10 ஆம் திகதி அவை அலுவலகத்துக்கு வந்திறங்கின. அவர் அவற்றைக் காயப்பட்ட படைவீரர்கள் இருக்கும் வைத்தியசாலைகளுக்கு அனுப்பச் சொன்னார். ஒரு கிழமையில், ஜூலை 17 அன்று, திணைக்களம் முடிவை மாற்றி, ஓகஸ்ட் 17 வரை விண்ணப்பங்களை ஏற்றது.

பூவுக்குத் திணைக்களம் இறங்கியது. சட்டம் இறங்கவில்லை. நாட்டு வரம்பை நீக்கும் சட்டமூலம் 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்று நிறைவேறியது. 2020 டிசம்பரில் செனட் வேறு வடிவத்தில் ஒன்றை நிறைவேற்றியது. இரண்டும் ஒன்றாகவில்லை. 2022 டிசம்பரில் இன்னொன்று வாக்கெடுப்புக்கு வராமலே கைவிடப்பட்டது. இதற்கிடையில் 2021 நிதியாண்டில், தாமதத்தால் மட்டும், அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட தொழில்வழிக் கிறீன் கார்ட்டுகள் யாருக்கும் கொடுபடாமல் வீணாயின. குளத்தில் தண்ணீர் இருந்தும் துருசு திறக்க ஆளில்லாத கதை. கேட்டோ என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2023 இல் போட்ட கணக்கில், நிற்பவர்கள் 18 இலட்சம். அதில் இந்தியர் 11 இலட்சம். அன்று புதிதாகச் சேரும் இந்தியருக்கு முறை வர 134 வருடம். நாலு இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வரிசையிலேயே இறந்துவிடுவார்கள் என்றும் அந்தக் கணக்கு சொல்கிறது.

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. மொத்த எண்ணைக் கூட்டாமல் நாட்டு வரம்பை மட்டும் எடுத்தால், இலங்கையில் பிறந்தவர்களும் அந்த நீள வரிசையின் வாலில்தான் போய் நிற்க வேண்டிவரும். நேபாளத்துக்கும் நைஜீரியாவுக்கும் அதே கதிதான். அந்தப் பயம் பொய்யல்ல. அதற்காகத் திருச்சிக்காரரை வாழ்நாள் முழுக்க வாசலில் நிறுத்துவது தீர்வும் அல்ல. குடும்பத்தவர்களை அந்த 140,000க்குள் எண்ணுவதை நிறுத்தினாலே வரிசை வெகுவாகக் குறையும். வீணான எண்களைத் திருப்பிச் சேர்த்தால் இன்னும் குறையும். முதலில் துருசை அகட்டவேண்டும். வாய்க்கால்களைச் சீர்செய்வது அதற்குப் பிறகு.

பிள்ளைகள் வெளியே இருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இத்தனை வருடமாகியும் கார்ட் கிடைக்கவில்லையா என்று தொலைபேசியில் கேட்காதீர்கள். அது அவர்களின் கையில் இல்லை. இனிமேல் போகப்போகிறவர்களுக்கும் ஒன்று. 2009 வன்னி இடப்பெயர்வில் பலருடைய பத்திரங்கள் வீதியோரங்களில் தொலைந்துபோயின. குடிவரவுக் கோவைக்குப் பெரும்பாலும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இல்லாதவர்கள் பிரதேச செயலகத்தில் பதிவாளரிடம் பிரதிக்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள். வந்ததும் பிறந்த இடம், திகதி, தாய் தகப்பன் பெயர் கடவுச்சீட்டோடு ஒத்திருக்கின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிழையிருந்தால் இங்கே இருக்கும்போதே திருத்துங்கள்.